‘பிராங்கன்ஸ்டைன்’ புதினமும் பின்னட்டைப் பாயிரமும்

ஒரு நூலை இன்னும் கையில் எடாத ஒருவரை அந்நூலின்பால் ஈர்த்தற்பொருட்டு அதன் பின்னட்டையில் அச்சிடப்பெறும் நான்கைந்து வரிகளைப் பற்றி ஆராய்ச்சி இதழொன்றில் கட்டுரை வரைதல் தகுமோ என்னும் ஐயம் எமக்கும் எழுந்தது. ஆயினும், நூலைப் படித்தாரினும் அவ்வரிகளைப் படித்தாரே பலர் என்பது புத்தகக் கடையில் சிறிது பொழுது நின்றார் எவர்க்கும் புலனாகும். பெயர் மட்டும் உலகெங்கும் பரவி, நூல் அத்துணைப் பரவாத பிறமொழிப் பழம்புதினங்களின் திறத்தில் இஃது இன்னும் மெய்யாகும். அவற்றைப் பற்றி நம்மவர் அறிந்தனவாகக் கருதுவனவற்றுள் பெரும்பகுதி இத்தகைய குறிப்புகளிலிருந்தும், திரைப்படங்களிலிருந்தும் வந்ததேயாம். ஆகவே அவ்வரிகளில் நேரும் பிழை நூலின் மேலேயே ஏறி நிலைத்துவிடுகின்றது. அத்தகைய பிழையொன்று எம் கையாலேயே நிகழ்ந்தது. அதனைத் திருத்தப் புகுந்தபோது எதிர்ப்பட்ட இலக்கணச் சிக்கலே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூலின் முகத்தே நின்று நூலைப் பற்றிக் கூறும் உரைக்குத் தமிழில் பாயிரம் என்று பெயர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் சிறப்புப்பாயிரம் உணர்த்தற்குரியன என்று நன்னூல் வகுக்கின்றது. காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இற்றை நாளைய பின்னட்டைக் குறிப்பு இவற்றுள் நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர் என்னும் மூன்றனையே பெரிதும் தாங்கி நிற்பது. ஆயின் இரண்டற்கும் இடையே பெரியதொரு வேறுபாடும் உண்டு. பாயிரம் நுதலிய பொருளை விளங்க உணர்த்துவது. பின்னட்டைக் குறிப்போ பாதி உணர்த்திப் பாதி மறைப்பது. மறைத்தல் அதன் கடமைகளுள் ஒன்று. மறைப்பதற்கும் பொய்த்துரைப்பதற்கும் இடையிலுள்ள எல்லை எது என்பதே இத்தகைய குறிப்பினை எழுதுவார் எதிர்கொள்ளும் வினா.

பாயிரத்திற்கு வழங்கும் பெயர்களுள் ‘தந்துரை’ என்பது ஒன்று. நூலிற் சொல்லிய பொருளல்லாதவற்றைத் தந்து உரைப்பது என்று அதற்குப் பொருள் கூறுவர். அப்பெயருக்கு எம்முடைய குறிப்பைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது என்பதை ஈண்டே ஒப்புக்கொள்கின்றோம்.

சில ஆண்டுகட்கு முன்னர்ப் பதிப்பகத்தார் ஒருவர் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ புதினத்தைத் தமிழில் சுருக்கி வெளியிட்டனர். பின்னட்டைக்கு நாற்பது சொல்லளவில் ஒரு குறிப்பு வேண்டும் என எம்மைக் கேட்டனர். மாணவப் பருவத்தில் யாம் படித்த நூலாதலின், மீண்டும் எடுத்துப் பாராமலே ஒரு மாலைப்பொழுதில் எழுதிக் கொடுத்தோம். அது வருமாறு:

“பித்துக்கொண்ட மருத்துவர் பிராங்கன்ஸ்டைன் மின்னலின் ஆற்றலைக் கொண்டு பிணங்களுக்கு உயிரூட்டுகின்றார். எழுந்த அரக்கன் தப்பியோடித் தன்னைப் படைத்தவரையே அழிக்க வருகின்றது. மனிதன் கடவுளாக முயன்றால் என்ன நேரும்? குருதியை உறையவைக்கும் முதல் அறிவியல் புனைகதை!”

பதிப்பகத்தார் மகிழ்ந்தனர், நூலும் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, முதுகலை மாணவி ஒருவர் ஆங்கில மூலத்தைப் படித்து முடித்து, இரு நூல்களையும் கையிற்கொண்டு எம் அறைக்கு வந்தார். “ஐயா, அரக்கன் வருகின்றதா, வருகின்றானா?” என்பதே அவர் முதலில் வினவியது. உயர்திணை ஆண்பால் எழுவாய்க்கு அஃறிணை முடிபு கொடுத்த திணைவழு, தமிழ் கற்பிப்பார் ஒருவர் பெயரோடு அச்சேறியிருந்தது. பிறகு அவர் மூலத்தைப் பிரித்து வைத்து ஒவ்வொரு தொடராக வினவிக்கொண்டு சென்றார். அவ்வினாக்களையே ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

மருத்துவர் என்றது பிழை. விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனீவாவில் வளர்ந்து 17-ஆம் அகவையில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம் புகுந்த மாணவன். படைப்பு நிகழும் காலத்தும் அவன் மாணவனே. மருத்துவப் பட்டம் பெற்றதாக நூலில் யாண்டும் இல்லை. ‘பித்து’ என்றதும் எளிதிற் கூறத்தக்கதன்று. ஏறத்தாழ ஈராண்டு ஊணும் உறக்கமும் குறைத்து உழைத்தவனை அவனே பின்னர் நோயுற்றவன்போல நினைவுகூர்கின்றான் எனினும், தான் செய்வது இன்னது என்று அறிந்தே செய்தவன் அவன்.

மின்னல் என்றது பெரும்பிழை. இளமையில் விக்டர் இடிவீழ்ந்து சிதைந்த மரமொன்றைக் கண்டு வியந்த செய்தி நூலில் உண்டு. உயிர் தந்த இரவோ நவம்பர் மாதத்து மழையிரவு. மின்னல் அங்கே இல்லை. உயிர்ப்பொறி ஒன்றனை ஊட்டியதாக மட்டும் கூறி, கைக்கொண்ட முறையை விக்டர் மறைத்துவிடுகின்றான். கேட்டு எழுதுகின்ற வால்டன் அறிய விழைந்தபோதும், அவ்வறிவு அவனையும் அழிக்கும் என்று கூறி மறுத்துவிடுகின்றான். நூலாசிரியர் விட்டுவைத்த அவ்வெற்றிடத்தை யாம் மின்னலைக் கொண்டு நிரப்பினோம்.

பிணங்கள் என்றது அரைமெய். பிணக்குழிகளிலிருந்தும் உடற்கூற்று அறைகளிலிருந்தும் உறுப்புகள் வந்தன; விலங்கறுக்கும் களத்திலிருந்தும் வந்தன. இறுதியிற் கூறிய இடத்தைக் குறிப்பு எழுதுவார் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மனிதவுடலும் விலங்குடலும் கலந்த எட்டடி உருவம் அது என்பது, பின்னர் யாம் ஆராயும் திணைச் சிக்கலுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

தப்பியோடியது என்றது தலைகீழாகக் கூறியது. கண் விழித்த தன் படைப்பைக் காணப் பொறாமல் அறையை விட்டு ஓடியவன் விக்டர். அவன் படுக்கையருகே வந்து நின்று கை நீட்டிய போதும் மீண்டும் ஓடியவன் அவனே. படைத்தவரை அழிக்க வந்தது என்பதும் பொருந்தாது. விக்டருக்கு உரியார் மூவர் அப்படைப்பின் கையால் மடிகின்றனர். விக்டரோ வடகடலிற் கப்பலொன்றில் நோயுற்றும் சோர்வுற்றும் இறக்கின்றான். அவன் உடலருகே நின்று வருந்துவது அப்படைப்பே. இவ்வாறு எம் முதலிரு தொடர்களிலும் முழுமெய்யாக எஞ்சியது பிராங்கன்ஸ்டைன் என்னும் பெயரொன்றே. அதுவும் படைத்தவன் பெயராக வந்தமையால் தப்பியது. படைக்கப்பட்டவனுக்கே அப்பெயரைச் சூட்டி எழுதுவாரும் பலர்.

இவை எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்தோம். நூல் 1818-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று மூன்று தொகுதிகளாக, ஆசிரியர் பெயரின்றி, 500 படிகளே அச்சாகி வெளிவந்தது. மேரி ஷெல்லிக்கு அப்போது அகவை இருபது. அதன் முன்னுரையும் அவர் எழுதியதன்று. கணவர் பெர்சி ஷெல்லி ஆசிரியர் குரலில் எழுதியது. (பாயிரத்தைப் பிறர் செய்தல் நமக்குப் புதிதன்று; தன்னாசிரியன் முதலியோரே அதற்கு உரியர் என்பது நம் மரபு. ஆனால் நூலாசிரியன் தானே கூறுவதுபோல மற்றொருவர் உரைப்பதற்கு நன்னூலில் விதி காணோம்.) 1823-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ரிச்சர்டு பிரின்ஸ்லி பீக் என்பார் இக்கதையை இலண்டனில் நாடகமாக்கினார். படைப்பு அந்நாடகத்தில் பேசவில்லை. விக்டருக்குப் பிரிட்ஸ் என்னும் ஏவலாளன் ஒருவன் அங்கேதான் தோன்றினான். மூலத்தில் விக்டர் தனியனாகவே உழைத்தான். நாடக அறிவிப்பில் படைப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு அச்சிடப்பட்டிருந்தது. நாடகத்தை நேரிற் கண்ட மேரி ஷெல்லி அக்கோட்டினைப் பாராட்டித் தம் நண்பர்க்கு மடல் எழுதினார். பெயரில்லாமையே அப்பாத்திரத்தின் பெயர் என்பதை அவ்வறிவிப்பினர் உணர்ந்திருந்தனர் போலும்.

1931-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் இயக்கிய அமெரிக்கத் திரைப்படமே ஏனையவற்றை உலகெங்கும் பரப்பியது. இடியும் மின்னலும் முழங்கும் ஆய்வுக்கூடம், குற்றவாளியின் மூளை, பேசாது உறுமும் உருவம் ஆகிய அனைத்தும் அதனுடையவை. விக்டர் அதில் ஹென்றி ஆயினான். படைப்பாக நடித்தவர் போரிஸ் கார்லாப். ஆயினும் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயருக்கு மாறாக ஒரு வினாக்குறியே காட்டப்பட்டது. கோடும் வினாக்குறியும் மெய்க்கு அணுக்கமானவை. எம்முடைய ‘அரக்க’னைக் காட்டிலும் செவ்வியவை என்பதில் ஐயமில்லை. அத்திரைப்படத்தின் மேல் குறை கூறுதல் எம் நோக்கமன்று. அது தன்னளவில் சிறந்ததொரு கலைப்படைப்பு. நூலுக்குக் குறிப்பு எழுதுவார் நூலை மறந்து படத்துக்குக் குறிப்பு எழுதுவதே குற்றம், அக்குற்றம் எம்முடையது.

‘மனிதன் கடவுளாக முயன்றால்’ என்ற வினாவைப் பற்றி மாணவி வினவியபோது யாம் சிறிது எதிர்வாதம் செய்தோம். 1831-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்புக்கு மேரி ஷெல்லி தாமே எழுதிய முன்னுரையில், உலகைப் படைத்தோனின் செயலை மனிதன் போலச்செய்ய முயல்வதன் அச்சத்தைப் பற்றிப் பேசுகின்றார். பீக்கின் நாடகத்தலைப்பும் வரம்பு மீறிய துணிவு என்னும் பொருளதே. ஆகவே அவ்வாறு கொள்வதற்கு இடமே இல்லை எனல் ஆகாது. மாணவி மறுத்தார்: நூலுக்குள் படைப்பு தன் படைத்தோனை நோக்கி வைக்கும் குற்றச்சாட்டு ‘ஏன் படைத்தாய்’ என்பதோடு நிற்கவில்லை, ‘படைத்தபின் ஏன் கைவிட்டாய்’ என்பதிலேயே அது ஊன்றி நிற்கின்றது. பெற்றோர் கடமை, தலைவன் கடமை என்னும் சொற்களாலேயே அது வழக்காடுகின்றது. இரண்டும் நூலில் உண்டு எனின், பின்னட்டையில் ஒன்றனை மட்டும் பயனாக முடித்துக் கூறுதல் படிப்பாரின் உரிமையைப் பறிப்பதாகும். அவ்வினாவை அடித்துவிட உடன்பட்டோம்.

‘முதல் அறிவியல் புனைகதை’ என்பதனை மட்டும் விடுதற்கு மனமில்லை. பிரியன் ஆல்டிஸ் 1973-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் இவ்வகையின் தோற்றத்தை இப்புதினத்திலேயே காண்கின்றார். 1818-ஆம் ஆண்டு முன்னுரையும், எராசுமசு டார்வினும் செருமானிய உடலியலாரும் இந்நிகழ்ச்சியை நடவாததாகக் கருதவில்லை என்ற கூற்றோடுதான் தொடங்குகின்றது. எனினும் அது திறனாய்வாளர் ஒருவரின் துணிபு. பிறர் பிறவாறு கூறுவர். நாற்பது சொல்லுக்குள் அதற்குச் சான்று காட்ட இயலாது. சான்று காட்ட இயலாததனை விட்டுவிடுதலே நேர்மை எனக் கொண்டோம்.

இனித் திணை. இதுவே எம்மைப் பல நாள் வருத்தியது.

ஆங்கில மூலத்தில், படைப்புக்கு உயிர் வந்த அப்பகுதியிலேயே அஃறிணைச் சுட்டும் ஆண்பாற் சுட்டும் அடுத்தடுத்து வருகின்றன. மூச்சு விட்டதைக் கூறுங்கால் ‘அது’. உறுப்புகளின் அமைப்பைக் கூறுங்கால் ‘அவன்’. விக்டரின் நெஞ்சம் இன்னும் துணியவில்லை என்பது அதனால் புலனாகின்றது. ஆங்கிலத்தில் இத்தடுமாற்றம் சுட்டுப்பெயரில் மட்டுமே வெளிப்படும். வினைச்சொல் அதனைக் காட்டாது. தமிழில் வினைமுற்றுத்தோறும் திணையும் பாலும் வெளிப்பட்டே தீரும். ‘எழுந்தது’ என்றால் ஒரு தீர்ப்பு. ‘எழுந்தான்’ என்றால் மற்றொரு தீர்ப்பு. எச்சங்களாலும் தொழிற்பெயர்களாலும் ஓரிரு தொடர்களை ஒப்பேற்றலாம். அவ்வாறு எழுதிப் பார்த்தபோது உரை உயிரற்றுக் கிடந்தது. எனவே நாற்பது சொல் எழுதும் தமிழன், நானூறு பக்கம் எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பாளனும் அறியாத ஒரு வழக்கில் நடுவனாக அமர்த்தப்படுகின்றான்.

பெயர்ச்சொல்லை மாற்றினால் தீருமோ என ஆய்ந்தோம். ‘அரக்கன்’ என்பது அன்னீற்று உயர்திணைப் பெயர். அன்றியும் அரக்கர் என்பார் குலமும் குடியும் நகரும் அரசும் உடையவராக நம் காப்பியங்களில் வருபவர். இப்படைப்புக்கோ இனமே இல்லை. தனக்கு இணையாக ஒருத்தியைப் படைத்துத் தருமாறு மலைப்பனியின் நடுவே விக்டரிடம் அது வேண்டுவதே அவ்வின்மையால்தான். ‘பேய்’ என்பது இறந்தாரின் ஆவியை நினைவூட்டும். ‘பூதம்’ ஏவல் செய்யும், நிதி காக்கும். ‘உயிரி’ என்பது உயிரியற் பாடநூற் சொல். ‘படைப்பு’ என்பது மூலத்துக்கு அணுக்கமானது. ஆனால் தமிழில் அது பாட்டுக்கும் பொருந்தும், பானைக்கும் பொருந்தும். கேட்டார்க்கு உருவம் தோன்றாது.

இலக்கண நூல்களை நாடினோம். மக்கள், தேவர், நரகர் என்னும் மூவகையினரும் உயர்திணை என்பது நன்னூலார் கொள்கை. பிணக்குழியிலும் அறுகளத்திலும் பிறந்தது இம்மூன்றனுள் எதன்பாற் படும்? பிறப்பு நோக்கின் எதன்பாலும் படாது. தொல்காப்பியர் உயர்திணையை ‘மக்கட்சுட்டு’ என்பதனால் வரையறுக்கின்றார். மக்கள் என்று சுட்டிக் கருதப்படும் பொருள் என அதனை விரித்துரைப்பர். இவ்விளக்கத்தின்படி திணை என்பது பொருளின் உடம்பில் மட்டும் இல்லை. கருதுவார் கருத்திலும் அது தங்குகின்றது. புதினத்தின் நடுவிலே காட்டுக்குடில் ஒன்றில் டெலேசி என்னும் முதியவர் வாழ்கின்றார். கண்பார்வை இல்லாதவர். படைப்பு பல மாதம் மறைந்திருந்து அக்குடும்பத்துக்கு விறகு சேர்த்துப் பனி அகற்றித் தொண்டு செய்கின்றது. ஒரு நாள் முதியவர் தனித்திருக்கும்போது உள்ளே சென்று உரையாடுகின்றது. அவர் குரலை மட்டும் கேட்டு, மனிதரோடு பேசுவதாகவே பரிவோடு பேசுகின்றார். சிறிது பொழுதில் மகன் வந்து காண்கின்றான். கண்டவுடன் தடிகொண்டு அடிக்கின்றான். மக்கட்சுட்டு தந்தைக்கு உண்டாயிற்று, மகனுக்கு இல்லையாயிற்று. மேரி ஷெல்லி தொல்காப்பியத்தை அறிந்தவரல்லர். ஆயினும் மக்கட்சுட்டு என்னும் தொடரை வகுப்பில் விளக்குதற்கு இதனினும் தெளிவான ஒரு காட்சியை யாம் கண்டதில்லை.

பிறகு கிளவியாக்கத்தில் ஐயப்பொருள் பற்றிய பகுதி நினைவுக்கு வந்தது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ ஆளோ எனத் திணை ஐயுற்றவழி, ‘உரு’ என்னும் பொதுச்சொல்லால் கூறுக என்பது உரையாசிரியர்கள் காட்டும் நெறி. புதினத்தின் தொடக்கம் அப்படியே அமைந்திருக்கக் கண்டு வியந்தோம். வடதுருவம் நாடிச் செல்லும் வால்டன் தன் தமக்கைக்கு மடல் எழுதுகின்றான். பனியாற் சூழப்பட்டுக் கப்பல் நின்றபோது, அரைக்கல் தொலைவில் நாய்கள் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியில், மனித வடிவும் மனிதரை விஞ்சிய பேருருவமும் கொண்ட ஒன்று வடதிசை நோக்கி விரைவதை மாலுமிகள் தொலைநோக்கியாற் காண்கின்றனர். அது யார், அது யாது என்பது எவர்க்கும் தெரியாது. படிப்பார்க்கும் தெரியாது. அவ்விடத்து ‘உரு’ என்பதனைவிடச் செம்மையான சொல் எம்மொழியிலும் இராது. ஐயம் நிலவும் வரையில் அஃறிணை முடிபு கொடுத்தலும் வழுவாகாது.

ஆயின் ஐயம் எந்த இடத்தில் நீங்குகின்றது? இதற்கு விடை தன்மையிடத்தில் கிடைத்தது. நன்னூலார் தன்மைச் சொற்களை இருதிணைக்கும் பொதுவாகக் கொள்கின்றார். தொல்காப்பியரோ தன்மை வினைகளை உயர்திணைப்பாற்படுத்தே ஓதுகின்றார். தன்னைத் தானே ‘யான்’ என்று கூறிக்கொள்ளும் ஆற்றல் மக்கட்கே உரியது என்பது அதன் அடிப்படையாதல் வேண்டும் எனக் கருதுகின்றோம். இப்புதினத்தில் படைப்பு ‘யான்’ என்று தொடங்கித் தன் வரலாற்றைத் தானே கூறுகின்றது. 1831-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11-ஆம் அதிகாரம் முதல் 16-ஆம் அதிகாரம் வரை அதன் குரலே ஒலிக்கின்றது. மில்டனின் ‘இழந்த துறக்க’த்தையும் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளையும் கெத்தேயின் ‘வெர்தர்’ கதையையும் படித்து அதனதன் நயம் கூறும் ஒருவனை இனி ‘அது’ என்று சுட்டுதல் எவ்வாறு இயலும்? தொல்காப்பியர் நெறியில் நின்றால் பேசத் தொடங்கிய அக்கணமே அவன் உயர்திணை ஆயினான். இதுகாறும் இக்கட்டுரையிலும் யாம் பல இடங்களில் அஃறிணையாகவே சுட்டி வந்தோம். இனி அவ்வாறு செய்யோம்.

ஆகவே குறிப்பு அஃறிணையில் தொடங்கி உயர்திணையில் முடிதல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தோம். படிப்பவர் நூலுக்குள் கடக்கும் தொலைவும் அதுவே.

எஞ்சிய வினா ஒன்று: அவன் பேசுகின்றான் என்பதைப் பின்னட்டையிலேயே வெளிப்படுத்தலாமா? திரைப்படத்தால் ஊமையாகவே அறியப்பட்டவன் அவன். நூலுட் சென்று அவன் குரலை முதன்முறை கேட்பவர் அடையும் வியப்பு பெரிது. அதனை முன்னரே கூறுதல் விருந்துக்கு முன் கறியைத் தின்னக் கொடுப்பது போலாகும் என்றோம். மாணவியோ, கூறாவிடின் திரைப்படம் தந்த ஊமையரக்கனையே எதிர்பார்த்து ஒருவர் நூலைக் கீழே வைத்துவிடுவார் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அவன் கூறும் செய்தியை மறைத்து, கூறுதற்கு ஒன்று உண்டு என்பதை மட்டும் காட்டினால் இரண்டும் கைகூடும் எனத் துணிந்தோம். கொலைகளையும், ஒருபாவமும் அறியாத பணிப்பெண் ஜஸ்டின் தூக்கிலிடப்படுவதையும், பனிக்கடலின் இருளில் அவன் மறையும் இறுதியையும் முற்ற மறைத்தோம். அவ்விறுதியை ‘அழிந்தான்’ என்று எழுதுவாரும் உளர். தன்னை எரித்துக்கொள்ளப் போவதாக அவன் கூறிச் செல்கின்றானே அன்றி, அவன் இறந்ததை நூல் காட்டவில்லை.

இவ்வளவும் தெளிந்தபின் எழுதிய வரைவு இது:

“வடகடற் பனிப்பரப்பில் மனித வடிவும் மனிதரை விஞ்சிய பேருருவமும் கொண்ட ஓர் உரு விரைந்து மறைகின்றது. மறுநாள் அதனைத் தேடிவந்த விக்டர் பிராங்கன்ஸ்டைன், தான் அதற்கு உயிர் தந்து கைவிட்ட கதையைச் சொல்லத் தொடங்குகின்றான். கைவிடப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. ஆயின் சொல்வதற்கு ஒரு கதை உண்டு.”

மாணவியிடம் காட்டினோம். அவர் மடல்களின் தேதிகளைப் புரட்டிப் பார்த்து, “மறுநாள் கப்பல் ஏறினான், சரி. கதை சொல்லத் தொடங்கியது மறுநாளா, ஐயா?” என்றார். அன்று. பனிக்கட்டியின்மேல் மிதந்து வந்த விக்டரை வால்டன் கப்பலில் ஏற்றி, பேசவும் வலியின்றிக் கிடந்தவனைப் பேணி, நட்புப் பூண்ட பின்னரே கதை தொடங்குகின்றது. இடையே பல நாள்கள் கழிகின்றன. சுருங்கக் கூறும் விரைவில் பல நாள்களை ஒரு நாளாக்கிவிட்டோம். ‘கைவிட்ட’ என்ற சொல்லையும் அவர் ஐயுற்றார். விக்டர் தன் வாயால் அதனை அவ்வாறு ஒப்புவானோ என்பது அவர் வினா. தன் கடமையை அவன் ஓரிடத்தில் உணர்ந்து பேசுகின்றான் எனினும் இறுதியில் தன்னைக் குற்றமற்றவனாகவே கருதிக்கொள்கின்றான். எனவே கைவிட்டமையை விக்டரின் கூற்றாக வையாது குறிப்பாசிரியன் கூற்றாக வைத்தலே நேர். திருத்தியபின் குறிப்பு இவ்வாறு அமைந்தது:

“வடகடற் பனிப்பரப்பில் மனித வடிவும் மனிதரை விஞ்சிய பேருருவமும் கொண்ட ஓர் உரு விரைந்து மறைகின்றது. அதனைத் துரத்திவந்து, மறுநாள் உயிர் ஊசலாடக் கப்பலேறும் விக்டர் பிராங்கன்ஸ்டைன், அதற்குத் தான் உயிர் தந்த கதையைப் பின்னர்ச் சொல்கின்றான். அவனால் கைவிடப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. ஆயின் சொல்வதற்கு ஒரு கதை உண்டு.”

‘உரு’ என்ற சொல் இன்றைய படிப்பாளர்க்கு விளங்குமோ என்று பதிப்பகத்தார் வினவினர். ‘உருவம்’ என்று மாற்ற இசைந்தோம். பொருள் கெடவில்லை. மறுபதிப்பு இன்னும் வெளிவரவில்லை. எம் துறை நூலகத்திலுள்ள படியின் பின்னட்டையில் மட்டும், வருகின்ற அரக்கனை மறைத்து, இக்குறிப்பைத் தட்டெழுதிய தாளொன்றை மாணவி ஒட்டி வைத்துள்ளார்.